யார் கூப்பிட்டால் வெளியே வருவீர்கள்?

புதிதாகப் பயிற்றுநர் சட்டை போட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

போன வாரம் நம் தீப்பாதுகாப்புப் பயிற்சி நிலையத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கம் வர எனக்கு வேலை எதுவும் இல்லை. பழைய அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். பின்பக்கத் திடலில், முன்பு இரும்புத் தட்டில் டீசலை ஊற்றிக் கொளுத்துவோமே, அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள். உள்ளே ஒரு பெரிய திரையில் தீ எரிகிறது. நீங்கள் அதன்மேல் ஒளி பாய்ச்சும் பொய்த் தீயணைப்புக் கருவியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். யாருடைய புருவமும் கருகவில்லை. நல்லதுதான். ஆனாலும் எனக்கு அந்தத் திடல்தான் நினைவில் நிற்கிறது. வெக்கை முகத்தில் அடித்ததும் பட்டையாக டை கட்டிய ஒரு வங்கி அதிகாரி பின்னால் நகர்ந்து என் காலை மிதிப்பார். பிறகு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, கருவியைத் தூக்கி, முன்னால் போவார். அவர் முன்னால் வைக்கும் அந்த ஓர் அடியைப் பார்ப்பதற்காகவே நான் இத்தனை காலம் இந்த வேலையில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

உங்களில் ஒரு பெண் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "மேடம், உங்களால மறக்கவே முடியாத டிரில் எது?"

அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில் ஒரு ஜவுளிக்கடை இருந்தது. கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடு. முதல் மாடியான கீழ்த்தளத்தில் புடவைகள். இரண்டாம் மாடியில் ஆயத்த உடைகளும், ரவிக்கை தைக்கிற பகுதியும். மூன்றாம் மாடி முழுவதும் ஸ்டோர். தரையிலிருந்து கூரை வரை துணிக்கட்டுகள். எரிவதற்கென்றே அடுக்கி வைத்ததுபோல் இருக்கும்.

அந்தக் கடையின் ஊழியர்களுக்குத் தீப்பாதுகாப்புப் பயிற்சி கொடுக்க நானும் ஜமாலும் போனோம். ஜமாலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னாள் தீயணைப்பு வீரர். வகுப்பில் பேசுவது நான், கருவிகளைக் கையாள்வது அவர். இப்போது ஜோகூரில் மகன் வீட்டில் இருந்துகொண்டு மீன் பிடிக்கிறார். அவர் என்னோடு மலாயில்தான் பேசுவார். இங்கே தமிழில் தருகிறேன்.

கடை முதலாளியின் மகன் கார்த்திக்தான் எங்களை அழைத்திருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதைச் செய்தாலும் முதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்கிற பையன். "டீச்சர், நம்ம கடை டிரில்தான் இந்த ரோட்டுலயே பெஸ்ட்டா இருக்கணும்," என்று முதல் நாளே சொன்னார். அப்படிப்பட்ட ஆர்வத்தை நான் எப்போதும் வரவேற்பேன். பெரும்பாலான முதலாளிகள் சான்றிதழ் எப்போது வரும் என்று மட்டும்தான் கேட்பார்கள்.

வகுப்பு கடை திறக்கும் முன் காலையில் நடக்கும். புடவை மேசைகளைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்துகொள்வார்கள். சின்ன வகுப்பு. அதில் இரண்டு பெண்கள் என் கவனத்தை உடனே இழுத்தார்கள்.

ஒருவர் ஜெயா. பருத்த உடம்பு, உரத்த குரல், எதற்கும் சிரிப்பு. இன்னொருவர் மல்லிகா. ஒல்லி, பேச்சு குறைவு, தடித்த கண்ணாடி. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. இருவரும் ஆங் மோ கியோவில் அடுத்தடுத்த அடுக்குமாடிப் புளோக்குகளில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே அந்தக் கடையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் நின்று புடவை விற்றவர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்றால் அப்படியொரு பேசாமை. "அந்தம்மாகிட்ட கத்தரிக்கோல் இருக்கான்னு கேளு," என்று மல்லிகா தையல்காரரிடம் சொல்வார். ஜெயா ஒரு கை தூரத்தில்தான் நிற்பார். "இருக்குன்னு சொல்லு," என்பார். தையல்காரர் வாயைத் திறக்காமல் கத்தரிக்கோலை வாங்கிக் கொடுப்பார்.

காரணத்தைக் கார்த்திக் சொன்னார். ஒரு வாடிக்கையாளர் கல்யாணப் புடவைக்கு மேட்சாக ரவிக்கைத் துணி கேட்டபோது, மல்லிகா தவறான நிறத்தை எடுத்து விரித்துவிட்டார். "அவளுக்கு அரக்கும் சிவப்பும் ஒண்ணுதான், விடுங்க," என்று ஜெயா எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஜெயாவுக்கு அது வேடிக்கை. மல்லிகாவுக்கோ அப்போதுதான் கண்ணில் புரை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். வேலை போய்விடுமோ என்று அவர் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்த நேரம். அன்றைக்கு நின்ற பேச்சு. போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது. அடுத்த தீபாவளியும் நெருங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வர்றாங்க டீச்சர். ஆனா ஒருத்தவங்க முன்னாடி, ஒருத்தவங்க பின்னாடி," என்றார் கார்த்திக்.

காயம்பட்டவரை நாற்காலியில் வைத்து இரண்டு பேராகத் தூக்குவது எப்படி என்று பயிற்சி கொடுத்தபோது அவர்கள் இருவரும் ஜோடியாக அமைந்துவிட்டார்கள். நான் திட்டமிட்டதல்ல, உயரம் பொருந்தியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து சொல்லிக்கொண்டுதான் தூக்க வேண்டும். ஜெயா மட்டும் எண்ணினார். மல்லிகா வாயைத் திறக்கவில்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். நாற்காலி துளிகூட ஆடவில்லை. இத்தனை காலம் சேர்ந்து துணிக்கட்டு தூக்கியவர்கள்.

அந்த வகுப்புகளில் நாங்கள் செய்த ஒரு காரியத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியின் பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அதைத் திறந்தால், பழைய கடைவீடுகளுக்கே உரிய சுருள் படிக்கட்டு பின்சந்தில் இறங்கும். அந்தக் கதவின் முன் வேட்டிக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஜமால் அதைப் பார்த்துவிட்டுக் கார்த்திக்கிடம் எதுவும் பேசவில்லை. முதல் கட்டைத் தானே தூக்கி அடுத்த மூலையில் வைத்தார். வெட்கப்பட்டுக் கார்த்திக்கும் தூக்கத் தொடங்கினார். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுது முழுவதும் தூக்கினார்கள். வழி கிடைத்தது.

கடைசி நாள் தீ ஒத்திகை. ஒத்திகை எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மணி அடிக்கும், எல்லோரும் வெளியேறித் தெருமுனையில் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் கூட வேண்டும். ஃபயர் வார்டன் ஆள் எண்ண வேண்டும். ஒருவர் குறைவார். காரணம், ஒருவரைக் காயம்பட்டவராக நடிக்கச் சொல்லி உள்ளேயே வைத்திருப்போம். மீட்புக் குழு போய் அவரைத் தேடிக் கொண்டுவர வேண்டும். இரண்டாம் மாடிப் படிக்கட்டில் ஜமால் புகை இயந்திரத்தை இயக்குவார். வெள்ளையாக, லேசான தித்திப்பு வாடையோடு வருமே, அந்தப் புகை. யாரையும் ஒன்றும் செய்யாது.

காயம்பட்டவராக நடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் ஜெயா கை தூக்கினார். "படுத்துக்கிட்டே சம்பளம்னா நான்தான் லா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மல்லிகா வேறு பக்கம் பார்த்தார்.

ஜெயாவை மூன்றாம் மாடி ஸ்டோரில், முன்பக்கமாக, படுக்க வைத்தோம். கைப்பேசி கையிலேயே இருக்கட்டும் என்று ஜமால் சொன்னார். நான் கீழே இறங்கினேன். நான் இறங்கிய பிறகு கார்த்திக் அவரிடம் தனியாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது.

மணி அடித்தது. எல்லோரும் ஒழுங்காக வெளியே வந்தார்கள். ஓடவில்லை, தள்ளவில்லை. வார்டனாக இருந்த தையல்காரர் ஆள் எண்ணி, "ஒருத்தர் இல்ல. ஜெயாக்கா," என்று சத்தமாக அறிவித்தார். மறுபடியும் சிரிப்பு. பக்கத்துப் பூக்கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். காலை வெயில் இதமாக இருந்தது. நல்ல ஒத்திகை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது ஜமால் வெளியே வந்தார். அவர் வரக்கூடாத நேரம் அது. கையில் காலியான தீயணைப்புக் கருவி இருந்தது. முகமெல்லாம் கறுப்புத் தூள்.

என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்: "ஸ்டெல்லா, இது நம்முடையது இல்லை. தையல் மேசைக்கு அடியில் ஒரு பேட்டரி சார்ஜில் இருந்திருக்கிறது. வெடித்துவிட்டது. அணைத்தேன், மறுபடி பற்றிக்கொண்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தேன். படிக்கட்டு முழுக்கப் புகை. அந்த வழி போய்விட்டது."

பார்சல் கொண்டுபோகும் மின்சைக்கிளின் பேட்டரி. அது அங்கே இருந்தது வகுப்பு நடந்த நாள்களில் எங்கள் கண்ணில் படவில்லை. அன்று காலைதான் யாரோ மேலே கொண்டுவந்து சொருகியிருக்கிறார்கள்.

நான் உடனே தீயணைப்புத் துறைக்கு அழைத்தேன். வழியில் இருப்பதாக உறுதி சொன்னார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து புகை வந்தது. முதலில் வெள்ளை. பிறகு சாம்பல் நிறம். பிறகு கறுப்பு.

வேடிக்கை பார்த்த பூக்கடைக்காரர் கைதட்டினார். "செமையா செட் பண்ணியிருக்காங்க," என்றார்.

தம்பி தங்கைகளே, அந்தக் கைத்தட்டலை நான் மறக்கவே இல்லை. நம் தொழிலின் முழு ஆபத்தும் அதில் இருக்கிறது. பொய்யை உண்மைபோல் காட்டுவதற்குத்தான் நமக்குச் சம்பளம். உண்மை வந்து நிற்கும்போது அதை உண்மை என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

கூட்டத்தை நோக்கிச் சொன்னேன்: "ஒத்திகை முடிஞ்சிடுச்சு. இது நெஜத் தீ. யாரும் உள்ள போகக்கூடாது."

சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கார்த்திக் சிரிக்கவில்லை. அவர் ஜமாலின் முகத்தைப் பார்த்துவிட்டார். கடையை நோக்கிப் பாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். சட்டைத் தையல் பிரியும் சத்தம் கேட்டது.

"ஆன்ட்டி மேல இருக்காங்க," என்றார்.

"தெரியும். நீங்க போனா ரெண்டு பேர் மேல இருப்பீங்க."

ஜமால் பின்சந்தை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார். அந்த வரிசைக் கடைவீடுகளுக்கு நடுவில் சந்து எதுவும் கிடையாது. தெருமுனை வரை போய்ச் சுற்றித்தான் பின்னால் வர வேண்டும். பின்கதவோ உள்ளிருந்து தாழிட்டிருந்தது. ஜெயாதான் திறக்க வேண்டும். மூன்றாம் மாடியின் முன்பக்க ஜன்னல்களைக் கடையின் பெயர்ப்பலகை மறைத்திருந்ததால், கீழேயிருந்து கத்தினாலும் அவருக்குக் கேட்காது.

ஜெயாவின் கைப்பேசிக்கு அழைத்தேன். உடனே எடுத்தார். கிசுகிசுத்த குரலில் பேசினார்.

"டீச்சர், நான் மயக்கமா இருக்கேன். பேசக்கூடாது."

"ஜெயா, நல்லா கேளுங்க. இது டிரில் இல்ல. ரெண்டாவது மாடியில நெஜமா தீப்பிடிச்சிருக்கு. எழுந்து பின்கதவுக்குப் போங்க."

அவர் சிரித்தார். "கார்த்திக் சொல்லிட்டாரு டீச்சர். நீங்க இப்படித்தான் போன் போட்டு டெஸ்ட் பண்ணுவீங்களாம். யார் கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதீங்க, மார்க் போயிடும்னாரு." வைத்துவிட்டார்.

மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

கார்த்திக் தன் கைப்பேசியில் அழைத்தார். இந்த முறை ஜெயா எடுத்தார். "ஆன்ட்டி, ப்ளீஸ், நெஜமாவே தீ. நான் சொன்னத மறந்துடுங்க. எறங்கி வாங்க," என்று கெஞ்சினார். எனக்கு ஜெயாவின் குரல் கேட்டது: "நீங்களும் அவங்களோட சேர்ந்துட்டீங்களா? நான் ஏமாற மாட்டேன் லா." அந்த அழைப்பும் அறுந்தது.

கார்த்திக் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் செய்தது குற்றமா? இல்லை. ஒத்திகை நன்றாக நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவரின் சின்ன யோசனை. அது அந்த நேரத்தில் ஓர் இரும்புத் தாழ்ப்பாள்போல் ஆகிவிட்டது.

நான் என்ன செய்வது என்று யோசித்தேன். இன்னும் கடுமையான குரலில் பேசலாம். ஆனால் வகுப்பில் நான் பல குரல்களில் பேசியிருக்கிறேன். "தீ, தீ" என்று அலறிக் காட்டியிருக்கிறேன். அழுதுகூடக் காட்டியிருக்கிறேன். என் பதற்றம் எதுவும் ஜெயாவுக்குப் புதிதாக இருக்காது. என்னிடம் மிச்சம் இருந்த குரல் எதுவும் இல்லை.

அப்போது யாரோ என் கையிலிருந்த கைப்பேசியைத் தொட்டார்கள். மல்லிகா.

"குடுங்க டீச்சர்," என்றார்.

நான் கொடுத்தேன். அவர் அதைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் கைப்பையைத் துழாவித் தன் கைப்பேசியை எடுத்தார். "இதுல என் பேரு வரும்," என்றார். திரையைக் கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய் எண்ணைத் தேடினார். நான் உதவக் கை நீட்டினேன். அவர் அனுமதிக்கவில்லை.

அழைப்பு போய்க்கொண்டே இருந்தது. பிறகு மறுமுனையில் எடுத்த சத்தம். ஜெயா எதுவும் பேசவில்லை.

"ஜெயா," என்றார் மல்லிகா. "நான்தான். எழுந்திரு."

ஒலிபெருக்கியில் போடாமலே பதில் எனக்குக் கேட்டது. ஜெயாவின் குரலில் சிரிப்பு போயிருந்தது.

"நெஜமாவா?"

"நெஜம்தான்டி. எழுந்திரு."

அப்போது ஸ்டோரில் விளக்குகள் அணைந்துவிட்டன. "ஐயோ, லைட் போயிடுச்சு. புகை வருது மல்லிகா. கதவுக்கு அடியில வருது," என்றார் ஜெயா. இருமினார்.

"முன்கதவத் தொறக்காத. அந்தப் பக்கமே போகாத. குனி. டீச்சர் சொன்னாங்கல்ல, தரையோட தரையா வா. இடது கைய ரேக் மேல வச்சுக்க. அது பருத்திச் சீலை. தடவிக்கிட்டே வா."

"கண்ணு தெரியல."

"தெரிய வேணாம். நான் தினமும் அப்படித்தான் போய்ட்டு வர்றேன். தடவு. சீலை முடிஞ்சதும் துண்டுக் கட்டு, சொரசொரன்னு இருக்கும். வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதையும் தாண்டு."

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று என் கை துடித்தது. பயிற்றுநர் நான். மூக்கைத் துணியால் மூடிக்கொள், கதவைப் புறங்கையால் தொட்டுப் பார், தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவள். என்னைப் பயிற்றுவித்த ஒரு பெண்மணி ஒருமுறை சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: வேலை நடந்துகொண்டிருக்கும் இடத்தில் உன் கை தேவையில்லை என்றால் அதைப் பையில் போட்டுக்கொள். நான் என் கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மல்லிகா மறந்த ஒன்றை மட்டும் அவர் காதில் சொன்னேன்: "புடவைத் தலைப்ப மூக்குல வச்சுக்கச் சொல்லுங்க." அவர் அதைத் தன் சொல்லாக்கி மேலே அனுப்பினார்.

"மல்லிகா, எங்க இருக்கேன்னே தெரியல," என்றார் ஜெயா. அவர் அழுதுகொண்டிருந்தார். "மூச்சு முட்டுது. முடியலடி."

"முடியும். பேசிக்கிட்டே இரு. எங்கிட்ட ஏதாவது சொல்லு."

"என்னத்தச் சொல்றது."

"திட்டு. உனக்குத்தான் நல்லா வருமே."

ஜெயா இருமலுக்கு நடுவே ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மல்லிகா கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப வா," என்றார்.

அதற்குள் ஜமால் பின்சந்துக்குப் போய்ச் சுருள் படியில் ஏறி, இரும்புக் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார் போலிருக்கிறது. கைப்பேசி வழியாக டங் டங் என்று சத்தம் வந்தது.

"அது கேக்குதா? கதவு அங்கதான் இருக்கு. அந்தச் சத்தத்த நோக்கி வா."

"கேக்குது. கேக்குது."

பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிடும் ஒலி. ஜமாலின் குரல். காற்று. அதன்பின் ஒன்றும் இல்லை. கைப்பேசி கீழே விழுந்திருக்க வேண்டும். மல்லிகா, "ஜெயா, ஜெயா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பூக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தீயணைப்பு வண்டிகள் தெருவுக்குள் திரும்பும் ஒலி கேட்டது.

ஜெயா தெருமுனையில் தோன்றினார். ஜமாலின் தோளில் சாய்ந்தபடி, வெறுங்காலோடு, தலை கலைந்து, மூக்கைச் சுற்றிக் கறுப்பாக. எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள். மல்லிகா ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றார். அவருக்கு அவ்வளவு தூரத்தில் உருவம் சரியாகத் தெரிந்திருக்காது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஜெயாதான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். வந்து எதிரில் நின்றார்.

"செருப்பு எங்க?" என்றார் மல்லிகா.

"மேலயே கெடக்கு."

இருவரும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார்கள். ஜெயாவுக்கு மூச்சிரைத்தது. மல்லிகா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது மருத்துவ உதவியாளர், கூட யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கேட்டு முடிக்கும் முன் மல்லிகா ஏறி உட்கார்ந்துவிட்டார்.

தீ இரண்டாம் மாடியின் பின்பாதியோடு நின்றது. ஜமால் சாத்திய கதவுதான் அதை நிறுத்தியது என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார். தையல் இயந்திரங்கள் போயின. தீபாவளிக்காக வந்திருந்த சரக்கில் பெரும்பகுதி புகை வாடை பிடித்து வீணானது. கார்த்திக் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சில நாள் கழித்து என்னைத் தேடி நிலையத்துக்கே வந்தார். "நான் இனிமே டிரில்ல எதுவும் சொல்ல மாட்டேன் டீச்சர்," என்றார். "சொல்லுங்க," என்றேன். "ஆனா எங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க." அன்றிலிருந்து, ஒத்திகையில் நடிப்பவரிடம் யார் எதைச் சொன்னாலும் எல்லோர் முன்னிலையிலும் சொல்வது என்றும், நடிப்பை நிறுத்துவதற்கு ஒரே ஒரு சொல் என்றும், அந்தச் சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்றும் வழக்கம் வைத்துக்கொண்டோம். இன்று நீங்கள் ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னாலும் அதைச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்கட்டும்.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றை நான் ஜெயாவிடம் கற்றேன். மருத்துவமனைக்குப் பார்க்கப் போயிருந்தேன். இருமல் இன்னும் நிற்கவில்லை, சிரிப்பு திரும்பியிருந்தது. நான் கேட்டேன், "நான் சொன்னப்ப நம்பல, கார்த்திக் சொன்னப்பவும் நம்பல. மல்லிகா சொன்னதும் எப்படி நம்புனீங்க?"

"நீங்க டீச்சர். நடிக்கிறது உங்க வேல," என்றார். "அவ ஒரு வருஷமா எங்கிட்ட பேசல. மார்க்குக்காக எல்லாம் பேசுறவ இல்ல டீச்சர் அவ. அவ பேரு போன்ல வந்ததும் சிரிப்பு நின்னுடுச்சு. அவ என்னைக் கூப்பிடுறான்னா கடையே எரியணும்னு நெனச்சேன். எரிஞ்சுகிட்டுத்தான் இருந்துச்சு."

திரும்பி வரும் வழியில் எம்ஆர்டி ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நாம் மணியைச் சொல்லிக்கொடுக்கிறோம். வழியைச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் ஒருவர் எழுந்து வருவது இன்னொருவர் கூப்பிடுவதால்தான். அந்த இன்னொருவர் யார் என்று நாம் கேட்பதே இல்லை.

அடுத்த வகுப்பிலிருந்து கேட்கத் தொடங்கினேன். வகுப்பின் முடிவில், சான்றிதழுக்குப் படம் எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும்: "நீங்க அசந்து கெடக்குறீங்க. மணி அடிக்குது, நீங்க நம்பல. யார் கூப்பிட்டா வெளிய வருவீங்க?"

சிரிப்பார்கள். பிறகு யோசிப்பார்கள். துவாஸில் தொழிலாளர் தங்குவிடுதி ஒன்றில் கேட்டபோது, அறந்தாங்கிப் பக்கத்துத் தம்பி ஒருவர் வெட்கத்தோடு, "மேல் கட்டில்ல படுக்குற பங்களாதேஷ்காரர் மேடம். காலையில அவர்தான் என்னை எழுப்பி விடுவாரு," என்றார். அவருக்கு நீங்க பேசுறது புரியுமா என்று கேட்டேன். "என் பேரு மட்டும் தெரியும். அது போதும்," என்றார். அலுவலகங்களில் பெரும்பாலும் மேலாளர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். தேநீர் போடும் அக்காவின் பெயரைச் சொல்வார்கள். ஜமால் ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் உட்கார்ந்து இந்தப் பதில்களுக்காகவே காத்திருப்பார். நாங்கள் இருவரும் வண்டியில் திரும்பும்போது அவற்றைப் பேசிக்கொண்டே வருவோம். அந்தப் பயணங்கள் இப்போது இல்லை என்பதுதான் ஓய்வில் எனக்கு இருக்கிற ஒரே குறை.

என் கடைசி வகுப்பு பாசிர் ரிஸில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்தது. மூத்தோருக்கான வகுப்பு. எல்லோரும் வீட்டில் தனியாகவோ துணையோடோ இருப்பவர்கள். சமையல் தீ, ஊதுபத்தி, பழைய மின்விசிறி என்று பேசிவிட்டு, வழக்கம்போல் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மகள், பேரன், பக்கத்து வீட்டு நாய்கூடப் பதிலாக வந்தது. சிரித்துக்கொண்டே வரிசையாகப் போனோம்.

ஓரத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை. மனைவி காலமாகி வெகுநாள் ஆகவில்லை என்று ஏற்பாட்டாளர் முன்பே சொல்லியிருந்தார். அவர் முறை வந்ததும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"எனக்கு அப்படி யாரும் இல்லம்மா," என்றார். "அடுத்தவங்களக் கேளுங்க."

இத்தனை ஆண்டுகளில் அந்தப் பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும். ஜமாலைப் பார்த்தேன். அவரும் தலை குனிந்திருந்தார்.

பெரியவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சீன மூதாட்டி, அவர் தமிழில் என்ன சொன்னார் என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டார். அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். மூதாட்டி எட்டிப் பெரியவரின் தோளைத் தட்டினார். பெரியவர் திரும்பினார். இருவரும் ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருப்பவர்களாம். நல்ல நாள் பெரிய நாளில் தலையசைத்துக்கொள்வதோடு சரி.

மூதாட்டி உடைந்த மலாயில், சண்டைக்கு வந்தவர்போல் உரத்துச் சொன்னார்: "நான் கூப்பிடுறேன் லா. ஆனா உன் பேரு எனக்குத் தெரியாது. பேரைச் சொல்லு."

பெரியவர் எழுந்து நின்று தன் பெயரைச் சொன்னார்.